ஜெர்மனிக்கு வந்திருக்கிற குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு: ஏற, எறங்க, கிளம்ப முதல்ல படிக்க வேண்டிய வார்த்தைகள்

ஒரு லீவுக்கு ஊருக்குக் கிளம்புன அன்னைக்கு அம்மா போன்ல "எறங்கியாச்சா மக்ளே?"ன்னு கேட்டா. அறையப் பூட்டிட்டு பெட்டியோட தெருவுல நின்ன நான் "ஆமா, எறங்கியாச்சு"ன்னேன். அம்மா கேட்டது ஃப்ளைட் எறங்கியாச்சான்னு. அப்பா கருங்கல்ல இருந்து கார் பிடிச்சு திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல போய் ராத்திரி முழுக்க நின்னாவ.

நம்ம பேச்சுல வீட்ட விட்டுப் பொறப்படுறதும் எறங்குறதுதான், வண்டியில இருந்து கீழ வாறதும் எறங்குறதுதான். ஜெர்மன்ல ரெண்டும் வேற வேற. நர்ஸ் வேலைக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்காக, நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டத எழுதுதேன்.

"நான் எறங்கட்டா?"ங்கிறதுக்கு இங்க "இஷ் முஸ் லோஸ்". கிளம்பணும்னு அர்த்தம். தினமும் காதுல விழும். "இஷ் கேஹே", அதாவது நான் போறேன்னு சொன்னாலும் யாரும் அபசகுனமா எடுக்க மாட்டாங்க. நம்ம வீட்டுல வாசல்ல நின்னு "போறேன்"னு சொல்லிருந்தா, "பெயிட்டு வாறேன்னு சொல்லு பிள்ளே"ன்னு ஏச்சு விழுந்திருக்கும். அந்த "வாறேன்" இவங்க "அவுஃப் வீடர்ஸேயன்"ல இருக்கு, மறுபடி பாக்குற வரைக்கும்னு. டூட்டி முடிஞ்சு போறவங்களுக்கு "ஷோனன் ஃபையர்ஆபென்ட்" சொல்லுங்க. முதல் வாரமே வார்டுல ஒட்டிக்கலாம்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். ஏற, எறங்க, மாறி ஏற, மூணுக்கும் வேர் ஒண்ணுதான்: ஷ்டைகன். முன்னால ஐன் வந்தா ஏறணும், அவுஸ் வந்தா எறங்கணும், உம் வந்தா வேற வண்டி மாறணும். "பிட்டே ஆலே அவுஸ்ஷ்டைகன்"னு அறிவிப்பு வந்தா எல்லாரும் எறங்கணும், வண்டி அதுக்கு மேல போகாது.

சிக்கல் என்னன்னா, இந்த முன்னொட்டு வாக்கியத்துல பிரிஞ்சு கடைசிக்குப் போயிரும். "ஃபேர்ட்"னு தொடங்கி, நேரம், பிளாட்ஃபாரம் எல்லாம் சொல்லி, கடைசியா "அப்"னு முடிஞ்சா ரயில் புறப்படுது. "கொம்ட்" தொடங்கி "ஆன்" முடிஞ்சா வந்து சேருது. "ஃபெல்ட்" தொடங்கி "அவுஸ்" முடிஞ்சா அன்னைக்கு அந்த ரயிலே கிடையாது. இங்கிலீஷ் பழக்கத்துல முதல் ரெண்டு வார்த்தையோட காத மூடிறாதீங்க. தமிழ்ல வினை கடைசியிலதான வரும்? அப்படியே கடைசி அசை வரைக்கும் கேளுங்க.

இத விடப் பெரிய கண்டம் ஒண்ணு இருக்கு. சில ரயில் நடுவழியில ரெண்டா பிரியும். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேற ஊருக்கு. வந்த ரெண்டாவது மாசம் காலை ஷிஃப்டுக்குப் போன நான் பின்பாதியில உக்காந்துட்டேன். பெட்டிக்குள்ள மேல இருந்த பலகையில எனக்குத் தெரியாத ஊர் பேரு ஓடிட்டு இருந்தது. பக்கத்துல இருந்த பாட்டி என் சீருடைப் பையப் பாத்து, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்ட பிறகுதான் தெரிஞ்சது. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பி வந்தேன். "ஃபோர்டரர்"னா முன்பகுதி, "ஹின்டரர்"னா பின்பகுதி. இந்த ரெண்டும் காதுல விழுந்தா, வாசல் பக்கத்துப் பலகையப் பாத்துட்டு ஏறுங்க.

வார்டுல "என்ட்லாஸன்"னு ஒரு வார்த்தை. நோயாளிய டிஸ்சார்ஜ் பண்றதுக்கும், வேலையில இருந்து நீக்குறதுக்கும் அதுதான். உங்க பேரோட அது வந்தா பதறாம, யாரப் பத்திப் பேசுறாங்கன்னு கேளுங்க.

இனி வீடு. குடிபோன 2 வாரத்துக்குள்ள பதிவு பண்ணணும், அது ஆன்மெல்டுங். ஜெர்மனிக்குள்ள ஊர் மாறுனா புது ஊர்ல பதிஞ்சாப் போதும். நாட்ட விட்டே போறீங்கன்னா அப்மெல்டுங், பேர நீக்கச் சொல்லணும். கிளம்புறதுக்கு 1 வாரம் முன்னால இருந்தே செய்யலாம். அந்தச் சான்றிதழ பத்திரமா வச்சுக்கோங்க. வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டுற ரேடியோ, டிவி கட்டணம் தானா நிக்காது. தனியா எழுதி நிறுத்தணும்.

வாடகை வீட்ட ஒழிக்க 3 மாசம் முன்னால நோட்டீஸ், "க்யூண்டிகுங்". நான் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். செல்லாதுன்னுட்டார் வீட்டுக்காரர். கையெழுத்துப் போட்ட காகிதம்தான் செல்லும். அது மாசத்தோட 3வது வேலை நாளுக்குள்ள அவர் கையில கிடைக்கணும், பிந்துனா அந்த மாசம் கணக்குல வராது. எனக்குக் கூடுதலா ஒரு மாச வாடகை போச்சு. நீங்க ரெஜிஸ்டர் தபால்ல, முந்துன மாசக் கடைசியிலயே போட்டுருங்க.