கலைச்சொல்: லாட நண்டுகளின் கரையேற்றம்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

தன்னார்வக் கணக்கெடுப்புக் கையேட்டில் குதிரை லாடம் போன்ற ஓடுடைய கடல்விலங்கான லாட நண்டைப் பற்றிய இயலுக்குச் 'சினையிடல் கணக்கெடுப்பு' என்று தலைப்பிட்டிருக்கிறோம். கடலோரத்தில் சினை என்றால் மீனின் முட்டைத்திரள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதை முதலில் கையிலெடுக்கப் போகிறவர்கள் உதகை, கோத்தகிரிப் பகுதி மாணவர்கள். எருமையும் பசுவும் வளர்த்த வீடுகளில் சினை என்பது கருவுற்றிருப்பதையே குறிக்கும் என்பதால், முட்டை சுமக்கும் பெண் நண்டுகளை மட்டும் எண்ணுகிறார்கள் என்றே அவர்கள் பொருள்கொள்வார்கள்.

குன்னூர் நண்பர் முன்வைத்த 'முட்டையிடல் கணக்கெடுப்பு' இந்தச் சிக்கலைத் தீர்த்தாலும் வேறொன்றைக் கொண்டுவருகிறது. மணலை அகழ்ந்தெடுத்து அதிலுள்ள முட்டைகளை எண்ணுவது தனி ஆய்வு. அதுவும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டெலவேர் விரிகுடாவில் நடந்திருக்கிறது. அங்குள்ள தன்னார்வலர்கள் எண்ணுவது விலங்குகளை. மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றுக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும், இரவில் ஓதம் உச்சத்தை எட்டும் வேளையில், ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை நீர்விளிம்பில் வைத்து, அதற்குள் அகப்படும் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே குறிக்கிறார்கள். 1990இல் தொடங்கிய இந்தப் பணி, 1999 முதல் எல்லாக் கடற்கரைகளிலும் ஒரே முறையில் நடக்கிறது. முக்கூர்த்தியில் வரையாடுகளை ஆண், பெண், குட்டி என்று பிரித்துக் குறித்துப் பழகியவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

ஆண்களை விட்டுவிடும் சொல் இங்கே செல்லாது. பெண்ணின் ஓட்டைப் பற்றிக்கொண்டு ஓர் ஆண் வருகிறது. துணையில்லாத வேறு ஆண்களும் அந்த இணையைச் சுற்றி மொய்க்கின்றன. பெண் மணலைத் தோண்டி முட்டைகளை இடும்போது கருவுறுதல் உடலுக்கு வெளியேதான் நிகழ்கிறது. முட்டையிடுவது பெண் மட்டும், கரையேறுவது இருபாலும் என்பதால் 'கரையேற்றம்' என்ற சொல்லையும், 'கரையேற்றக் கணக்கெடுப்பு' என்ற தொடரையும் முன்மொழிகிறேன். மகளைக் கரையேற்றிவிட்டேன் என்று தகப்பன்மார் பெருமூச்சு விடும் வழக்கு நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கக்கூடும். அதனால் பொருள் மயங்காது.

இது உண்மையில் நண்டே அல்ல, சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கு நெருங்கிய இனம் என்பதால் பெயரையே மாற்றலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வழக்கில் நிலைத்த பெயரைக் கலைக்க வேண்டாம், அடிக்குறிப்பு போதும்.

உதகையிலிருந்து

—

ஐயா, வணக்கம்.

தங்கள் சொல்லை ஏற்கிறேன். சென்ற வாரம் நான் பரிந்துரைத்த 'மணலேற்றம்' நிற்காது. ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில் காணப்படும் இரண்டு இனங்களுள் ஒன்று சதுப்புநிலக் காடுகளின் சேற்றில் முட்டையிடுவது. மணல் என்ற சொல் அதை வெளியே தள்ளிவிடும், கரை என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். அலையில் புரண்டு மல்லாந்து, ஓதம் வடிந்தபின் திரும்ப முடியாமல் கிடக்கும் விலங்குகளைக் கையேடு தனியாகப் பேசுகிறது. அவற்றை வாலைப் பிடித்துத் தூக்காமல், ஓட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்பிவிடச் சொல்கிறது. அதற்கும் கரையேற்றம் என்றே வரைவில் எழுதிவிட்டார்கள். தானாக ஏறுவது வேறு, அலை ஒதுக்குவது வேறு. திமிங்கிலம் ஒதுங்கியது என்று நாம் சொல்வதில்லையா? அந்த நிலைக்குக் 'கரையொதுங்கல்' என்பதையும், இயலில் முதன்முறை வருமிடத்தில் மட்டும் 'முட்டையிடு கரையேற்றம்' என்ற வினைத்தொகையையும் ஆள்வோம். சொற்பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து