மறுமொழி: வீட்டு ஆன்டெனாவில் சேனல் கிடைக்குமா என்று முன்கூட்டியே கணக்கிடுவதற்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். வீட்டு ஆன்டெனாவில் சேனல் கிடைக்குமா என்று முன்கூட்டியே கணக்கிடுவதற்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு நண்பர் எழுதியிருந்தார்:

> “சமிக்ஞை வரவேற்பு முன்னறிவிப்பு” என்று வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் என் கவலை. வரவேற்பு என்றதும் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும். முன்னறிவிப்பு என்பது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது. நாம் பெயர் தேடுவது அறிவிப்புக்கு அல்ல, ஒரு கணக்குக்கு. அந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் சொல் தானாக அமைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நம் ஊரான சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து கிழக்கே தெம்பனிஸ் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நடுவில் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், 550 மெகாஹெர்ட்ஸ் டிவி அலை அந்தத் தூரத்தைக் கடக்கும்போது சுமார் 113 டெசிபல் (அலையின் வலிமை எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அலகு) இழக்கும். இதைக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். தூரம் இரட்டிப்பானால் இன்னும் 6 டெசிபல் போகும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் எதுவுமே இல்லாத ஊரா நம் ஊர்? கோபுரத்துக்குக் கிழக்கே 163 மீட்டர் உயரத்தில் புக்கிட் தீமா குன்று நிற்கிறது. அதையும் தாண்டினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் வரிசை வரிசையாக. அலை இவற்றின் விளிம்பில் வளைந்து வரும், சுவரில் பட்டுத் திரும்பி வரும், சில இடங்களில் நிழல் விழுந்து மெலிந்துவிடும். லாங்லி–ரைஸ், ஒக்குமுரா–ஹட்டா போன்ற கணிப்பு முறைகள் இந்த இழப்புகளைத்தான் வெவ்வேறு வகையில் மதிப்பிடப் பார்க்கின்றன.

இத்தனையும் கட்டடத்துக்கு வெளியே நடப்பவை. வீட்டுக்குள் வந்தால் கதையே வேறு. திட்டமிடுவோர் பொதுவாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், கூரைமேல் ஒரு ஆன்டெனா இருப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். வீவக வீட்டில் இருக்கும் நம்மில் பலர் வைத்திருப்பதோ டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உள்ளறை ஆன்டெனா. யூஎச்எஃப் அலை (மேலே சொன்ன 550 மெகாஹெர்ட்ஸ் இந்த வகைதான்) ஒரு கட்டடத்துக்குள் நுழையும்போது சராசரியாக 8 டெசிபல் குறையும் என்று, மின்னிலக்க ஒளிபரப்பு அலைவரிசைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின் திட்டமிடல் கணக்கு எடுத்துக்கொள்கிறது. சராசரி என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வீடு அது மாறும்.

ஈசூனில் என் அத்தை வீட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். டிவி அலமாரி வீட்டுக் காப்பறையின் சுவரை ஒட்டி இருக்கிறது. பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் அதே அறைதான், கனமான கம்பி கட்டிய கான்கிரீட். அலமாரிமேல் ஆன்டெனாவை வைத்தால் வசந்தம் தமிழ்ச் சேனல் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. கம்பியை நீட்டி அதே ஆன்டெனாவைச் சன்னல் கிரில்லுக்கு அருகில், இடப்பக்க ஓரத்தில் வைத்ததும் படம் தெளிந்துவிட்டது. வலப்பக்க ஓரத்துக்கு நகர்த்தினால் மறுபடியும் தகராறு, ஏனென்றால் எதிர் புளோக் அங்கிருந்து பார்வையை மறைக்கிறது. “இங்க வெச்சா எடுக்குது, அங்க வெச்சா எடுக்கல” என்றார் அத்தை. ஒரே சன்னலின் இரண்டு ஓரங்கள்!

அதனால்தான் இன்னொரு நண்பரின் யோசனையையும் என்னால் ஏற்க முடியவில்லை.

> ஒளிபரப்பு எல்லை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது. எல்லை என்பது கோபுரத்தின் பக்கமிருந்து பார்ப்பது. ஒளிபரப்பு எல்லையைக் காட்டும் வரைபடத்தில் ஈசூன் முழுக்க ஒரே நிறமாக இருக்கலாம். நமக்கு வேண்டியது வீட்டின் பக்கமிருந்து கேட்கும் கேள்வி. அதற்கு வரும் விடையும் ஆமாம், இல்லை என்று வருவதில்லை. உள்ளறை ஆன்டெனாவுக்குத் திட்டமிடும்போது, ஒரு சிறு பரப்பில் 95 விழுக்காடு இடங்களில் அலை போதுமான அளவு கிடைத்தால் ‘நன்று’ என்றும், 70 விழுக்காடு என்றால் ‘ஏற்கத்தக்கது’ என்றும் வகைப்படுத்துகிறார்கள். மீதி 5 அல்லது 30 விழுக்காட்டில் யார் வீடு அகப்படும் என்று எந்த வரைபடமும் சொல்லாது. ஆக இது வாய்ப்பைச் சொல்லும் கணக்கு. தமிழில் அதற்குக் ‘கணிப்பு’ பொருத்தமாக இருக்கிறது. கருத்துக்கணிப்பு என்று சொல்லும்போதே தவறும் வாய்ப்பும் அதில் அடங்கியிருப்பது நமக்குத் தெரியும். கணிப்பு என்றாலே முன்கூட்டிச் சொல்வதுதான். ‘முன்’ சேர்த்து நீட்ட வேண்டியதில்லை.

சரி, எதைக் கணிக்கிறோம்? ‘அலையேற்பு’ என்ற சொல் எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் அதோடு ஒட்டிய ‘ஏற்பி’ உயிரியலிலும் குறைகடத்திப் பாடத்திலும் வேறு பொருள்களில் புழங்குகிறது. ‘பெறுகை’ இலங்கை அரசுத் தமிழில் கொள்முதலைக் குறிக்கும். நம் குழுவில் இலங்கை நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குழப்ப வேண்டாம். என் முன்மொழிவு ‘அலைவாங்கல்’. ஆன்டெனாவுக்கு ‘அலைவாங்கி’ என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. ஆன்டெனாவுக்குச் சொல்லப்படும் இன்னொரு சொல்லான உணர்கொம்பைப் பூச்சிகளுக்கே விட்டுவிடலாம். அலைவாங்கி செய்யும் வேலை அலைவாங்கல், அதைக் கணக்கிடுவது அலைவாங்கல் கணிப்பு. வாங்கு என்றால் காசு கொடுத்து வாங்குவதாகத் தோன்றாதா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். தோன்றாது அக்கா. மார்க் வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம், காசா கொடுக்கிறோம்? வருவதைக் கைக்கொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் உயிரோடு இருக்கிறது.

அப்புறம், இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. 2019 தொடக்கத்தில் நம் ஊரில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதுவரை அலை மெலிந்தால் திரையில் புள்ளி விழும், ஆனாலும் நாடகத்தைப் பார்த்து முடித்துவிடலாம். மின்னிலக்க ஒளிபரப்பில் அப்படி இல்லை. தேவையான அளவுக்குச் சற்று மேலே இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும், சற்றே கீழே இறங்கினால் அத்தை வீட்டில் போல உடையும், அதற்கும் கீழே ஒன்றுமே இல்லை. ஆகவே கணிப்பு சொல்லும் அளவு, தேவையான அளவைவிட எத்தனை டெசிபல் கூடுதல் என்பதுதான் வீட்டுக்காரருக்கு மிகவும் பயன்படும் எண். ஆங்கிலத்தில் ‘மார்ஜின்’ எனப்படும் அதை ‘விளிம்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். குன்றின் விளிம்பு, கட்டடத்தின் விளிம்பு என்று அதே பத்தியிலேயே எழுத வேண்டியிருக்குமே! ‘கையிருப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். “இந்த வீட்டில் 10 டெசிபல் கையிருப்பு இருக்கிறது” என்றால் எதிரே ஒரு புளோக் எழும்பினாலும் சமாளிக்க இடமிருக்கிறது என்று என் அத்தைக்கும் விளங்கும்.

மழை பெய்தால் இந்தக் கணிப்பு மாறுமா என்று கேட்டவருக்கு: பெரிதாக மாறாது. மழை வெகுவாகக் கெடுப்பது செயற்கைக்கோள் தட்டுக்கு வரும் பல கிகாஹெர்ட்ஸ் அலைகளை.

சொற்பட்டியலில் சேர்க்க இப்படி எழுதியிருக்கிறேன்: “அலைவாங்கல் கணிப்பு – ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட உயரத்தில் வைக்கப்படும் அலைவாங்கிக்கு ஒளிபரப்பு போதிய வலிமையோடு வந்து சேரும் வாய்ப்பைக் கணக்கிடுதல்.” ‘உயரத்தில்’ என்பதை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே புளோக்கில் இரண்டாம் மாடிக்கும் இருபதாம் மாடிக்கும் விடை வேறாக வரும். ‘கையிருப்பு’ வங்கிக் கணக்கை நினைவூட்டுகிறது என்று யாருக்காவது பட்டால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், பட்டியலை அனுப்புவதற்குள் அதையும் பேசிவிடலாம்.

அன்புடன்.