எஸ்.பி.ஆர் ரப்பரில் ஸ்டைரீன் அளவு: புது மாதிரியில் மாடல் தவறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எஸ்.பி.ஆர் (ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சேர்ந்த) செயற்கை ரப்பரில் ஸ்டைரீன் எத்தனை சதவீதம் என்பதை எஃப்.டி.ஐ.ஆர் (அகச்சிவப்பு) நிறமாலையிலிருந்து கணிக்க ஒரு பி.எல்.எஸ் மாடல் (நிறமாலையைச் சில காரணிகளாகச் சுருக்கிக் கணிக்கும் புள்ளியியல் முறை) செய்து வருகிறேன். ஸ்டைரீனுக்கு 700, டிரான்ஸ் பியூட்டாடையீனுக்கு 967, வினைல் வடிவ பியூட்டாடையீனுக்கு 910 செ.மீ⁻¹ அருகில் முகடுகள் தெளிவாகவே வருகின்றன.

36 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 3 ஸ்கேன். ஒப்பீட்டு மதிப்புகள் என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுத்தவை. குறுக்குச் சரிபார்ப்பில் (தரவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை விட்டுப் பயிற்றுவித்து அதிலேயே சோதிப்பது) பிழை அரை சதவீதம்தான் வந்தது, அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் எண்ணெய் சேர்த்த 1712 ரகத்தை வைத்ததும், 23.5 வர வேண்டிய இடத்தில் 27 காட்டுகிறது. பயிற்சி மாதிரிகள் எதிலும் எண்ணெய் கிடையாது.

அதில் உள்ள அரோமேட்டிக் எண்ணெயும் பென்சீன் வளையம் கொண்டதுதானே, அது ஸ்டைரீன் முகட்டோடு கலக்கிறது என்று நினைக்கிறேன். அசிட்டோனில் எண்ணெயைப் பிரித்தெடுத்துவிட்டு அளந்தால் போதுமா, இல்லை எண்ணெய் உள்ள மாதிரிகளையும் பயிற்சியில் சேர்க்க வேண்டுமா?

அப்புறம், குறுக்குச் சரிபார்ப்பில் ஒரே மாதிரியின் 3 ஸ்கேன்களும் வேறு வேறு பகுதிகளில் சிதறிவிட்டன; அதனால் பயிற்சியில் பார்த்த மாதிரியையே சோதித்தது போல ஆகிவிட்டது. அந்த அரை சதவீதமே பொய்யோ என்ற பயம் இருக்கிறது. 9 காரணிகள் வைத்திருக்கிறேன், அதுவும் அதிகமா?

கார்பன் பிளாக் கலந்த ரப்பரை ஜெர்மானியம் ஏ.டி.ஆரில் (மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி அகச்சிவப்பில் அளக்கும் முறை) அளந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்து எனக்கு அந்த வேலைதான்.