மண்டே செஞ்சது துரோகமா, தியாகமா? (வாட் ஹாப்பண்ட் டு மண்டே, 2017)

கேள்வி:
இந்தப் படத்த மறுபடி பாத்தேன், மனசு ஆறவே இல்ல, அதான் இங்க கேக்கறேன். முடிவு வரைக்கும் பேசப் போறேன், பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க.

கதை 2073ல நடக்குது. மரபணு மாத்தின பயிர சாப்ட்டு ஒரே பிரசவத்துல மூணு நாலுன்னு பொறக்க ஆரம்பிச்சதும் வீட்டுக்கு ஒரு புள்ள தான்னு சட்டம் போட்டுடறாங்க, மிச்ச குழந்தைங்கள உறைய வெச்சு தூங்க வெக்கறோம், நல்ல காலம் வந்ததும் எழுப்பறோம்னு சொல்லி பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. ஏழு பொண்ணுங்கள ஒண்ணா பெத்துட்டு அம்மா செத்துட, தாத்தா தான் ஒளிச்சு வெச்சு வளக்கறாரு. ஒவ்வொருத்திக்கும் ஒரு கிழமை பேரு, அந்தக் கிழமை மட்டும் தான் வெளிய போகலாம், வெளிய போனா எல்லாருக்கும் ஒரே பேரு, அம்மாவோட பேரு, கேரன் செட்மன்.

எல்லாரும் மண்டேவ துரோகின்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறாங்க. வயித்துல ரெட்டைக் குழந்தைங்கள வெச்சுக்கிட்டு அவ வேற என்ன பண்ணியிருக்க முடியும்? கூடப் பொறந்தவங்கள விட்டுக்கொடுத்தது தப்பு தான், ஒத்துக்கறேன், ஆனா ஒரு தாயா பாத்தா அதுவும் தியாகம் தானே?

பதில் 1:
தியாகம்னா நம்மகிட்ட இருக்கறத நாம குடுக்கணும் சகோ. மண்டே குடுத்தது மத்தவங்க உசுர. குழந்தைங்கள பிடிச்சுட்டுப் போற அரசாங்க அமைப்பு, அதான் பீரோ, அதோட தலைவி நிக்கோலெட் கேமன் கூட அவ தான் டீல் போடறா, அதுக்கப்பறம் ஏஜெண்டுங்க அந்த வீட்டுக்குள்ள வர்றது பிடிச்சுட்டுப் போக இல்ல, கொன்னு போட. ட்யூஸ்டேயோட கண்ண எடுத்துட்டு வந்து கதவத் திறக்கறாங்க, அந்த சீன்ல என்னால ஸ்க்ரீனயே பாக்க முடியல.

தியாகம் பாக்கணும்னா ஃப்ரைடேவ பாருங்க. கம்ப்யூட்டரே கதின்னு இருக்கறவ, கூச்ச சுபாவம், வெளிய போனாலே நடுங்கறவ. ஏஜெண்டுங்க மறுபடி வர்றப்ப தர்ஸ்டேவ அனுப்பி வெச்சுட்டு தான் மட்டும் வீட்டுக்குள்ள இருந்துக்கறா, வீட்டையே வெடிக்க வெச்சு வந்தவங்களோட சேந்து போயிடறா. யாரும் அவள போன்னு சொல்லல, அவளா எடுத்த முடிவு. முப்பது வருஷத்துல கேரனா இல்லாம ஃப்ரைடேவா அவ செஞ்ச பெரிய காரியம் அது ஒண்ணு தான், அதான் எனக்கு தொண்டய அடைக்குது.

பதில் 2:
ரெண்டு பேரும் விரல் சீன விட்டுட்டீங்களே, மொத்தப் படமும் அங்க தானே இருக்கு. சின்ன வயசுல தர்ஸ்டே யாருக்கும் தெரியாம ஸ்கேட்போர்ட எடுத்துட்டு வெளிய போய் விழுந்து விரல் நுனிய இழந்துட்டு வருவா. நாளைக்கு வெளிய போற கேரனுக்கு விரல் முழுசா இருந்தா மாட்டிப்பாங்க, அதனால தாத்தா மத்த ஆறு பேர் விரல் நுனியயும் வெட்டறாரு. அந்தக் குழந்தைங்க ஒண்ணுமே தப்பு பண்ணல. தாத்தாவா நடிச்ச வில்லெம் டஃபோ மூஞ்சிய பாருங்க அந்த எடத்துல, பெத்த பொண்ணோட குழந்தைங்க மேல உசுரயே வெச்சிருக்கற மனுஷன் கத்திய எடுக்கறாரு.

அந்த வீட்ல தியாகம்ங்கறது யாரும் விரும்பிக் குடுத்தது இல்ல, தாத்தா வாங்கினது. தினம் ராத்திரி ஏழு பேரும் உக்காந்து இன்னைக்கு பேங்க்ல யார் கிட்ட என்ன பேசினேன்னு ஒப்பிக்கணும், அதே விக், அதே மேக்கப். யாருக்கும் தனியா ஒரு ரகசியம் கூட இருக்கக் கூடாது. மண்டே தான் அதுல முதல் பொண்ணு, சொன்னத அப்படியே கேட்டவ, கடைசில அவ கேரனாவே ஆயிட்டா, ஏட்ரியன்ங்கற பீரோ ஏஜெண்ட் மேல வந்த காதல் கூட கேரனுக்கு வந்த காதல் தான். தர்ஸ்டே தனக்குன்னு ஒரு நாள் வாழ ஆசப்பட்டதுக்கு ஆறு பேர் விரல குடுத்தாங்க, அவள மன்னிச்சுட்டாங்க. மண்டே தனக்குன்னு ஒரு வாழ்க்கை ஆசப்பட்டதுக்கு ஆறு பேர் உசுரயே விலை பேசிட்டா. ஆச ஒண்ணு தான், விலை தான் வேற. அவள நான் நியாயப்படுத்தல, ஆனா அவள அப்படி ஆக்கினதுல தாத்தாவுக்கும் பங்கு இருக்கு, அத யாரும் பேசறதே இல்ல.

பதில் 3:
நான் கொஞ்சம் வெளிய இருந்து சொல்றேன். இது வெறும் கற்பனைன்னு பாக்காதீங்க. சீனாவுல 1980ல ஆரம்பிச்சு 2015 கடைசி வரைக்கும் ஒரு குழந்தை சட்டம் இருந்துச்சு. சட்டத்த மீறிப் பொறந்த குழந்தைங்களுக்கு குடும்பப் பதிவு கிடைக்காது, பதிவு இல்லன்னா ஸ்கூல், ஆஸ்பத்திரி, ரயில் டிக்கெட் எல்லாமே கஷ்டம். 2010 கணக்கெடுப்புல அந்த மாதிரி பதிவே இல்லாம சுமார் 1.3 கோடி பேர் இருந்தாங்க, அவங்க எல்லாரும் இந்தச் சட்டத்தால இல்லன்னாலும் பெரும்பங்கு இதால தான். சில வீட்ல அக்காவோட பதிவ வெச்சு தங்கச்சி மருந்து வாங்கறது கூட நடந்திருக்கு, அத படிச்சப்ப எனக்கு கேரன் செட்மன் தான் ஞாபகம் வந்தா. ஆனா அங்க ரெட்டைக் குழந்தை பொறந்தா தண்டனை இல்ல, ஒரு பிரசவம்னு தான் கணக்கு. படத்துல அதயும் விடல, அதான் இன்னும் கொடூரம்.

இன்னொண்ணு, படம் எடுத்தது ருமேனியாவுல. அதே நாட்ல 1966ல அப்போ ஆட்சி பண்ணின சௌஷெஸ்கு கருக்கலைப்ப தடை பண்ணி நெறைய பெத்துக்கோங்கன்னு பொண்ணுங்கள பாடா படுத்தினாரு. பெக்காதேன்னாலும் பெத்துக்கோன்னாலும் அரசாங்கம் கை வெக்கறது பொண்ணுங்க வயித்துல தான்.

ஏழு பேராவும் நடிச்ச நூமி ரபாஸ் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். முதல்ல இது ஆம்பளைங்களுக்கு எழுதின ஸ்க்ரிப்ட், டைரக்டர் டாமி விர்கோலா தான் இவங்களுக்காக பொண்ணுங்களா மாத்தினாரு. மாத்தலன்னா மண்டேயோட கர்ப்பமே இல்ல, இந்தக் கேள்வியும் இல்ல.

கேள்வி கேட்டவர்:
விரல் பத்தி நான் இப்படி யோசிக்கவே இல்ல, நன்றி. முதல் பதில் சொன்னவருக்கு ஒரே ஒரு கேள்வி. சாகறப்ப மண்டே தன் உசுருக்காக கெஞ்சல, குழந்தைங்கள கொண்டுபோக விட்டுடாதன்னு தர்ஸ்டே கிட்ட கெஞ்சறா. தான் கொல்லப் பாத்த ஆள் கிட்டயே குழந்தைங்கள ஒப்படைக்கறா. தர்ஸ்டே மேல அவ்ளோ நம்பிக்கை இல்லாம அப்படி கேக்க முடியுமா?

பதில் 1:
நம்பிக்கை இருந்துச்சுன்னா அத முன்னாடியே வெச்சிருக்கணும். வயித்துல குழந்தைன்னு ஒரு ராத்திரி அந்த மேசைல சொல்லியிருந்தா ஏழு பேரும் சேந்து ஒளிச்சு வளத்திருப்பாங்க, ஏழு பேர ஒளிச்ச வீடு அது. சண்டே, வெட்னஸ்டே, சாட்டர்டே, ஃப்ரைடே நாலு பேரும் ஏன் சாகறோம்னு கூட முழுசா தெரியாம போனாங்க. சாட்டர்டே ஏட்ரியன் வீட்ல போய் தன்னோட அடையாள பிரேஸ்லெட்ட அவனோடதோட கனெக்ட் பண்ணது மண்டேவ காப்பாத்தறதுக்காக. அத நெனச்சா எனக்கு மண்டே மேல இரக்கம் வந்தாலும் கோவம் போக மாட்டேங்குது.

பதில் 2:
கோவம் எனக்கும் இருக்கு. ஆனா அந்த மேசைல ஒப்பிச்சு ஒப்பிச்சே வளந்தவளுக்கு அங்க உக்காந்து எனக்குன்னு ஒண்ணு வேணும்னு சொல்ல வாய் வருமாங்கறது தான் என் கேள்வி. ட்யூஸ்டே கூட கடைசில புதுசா பேர் வெச்சுக்கறப்ப தாத்தா பேர தான் எடுக்கறா, டெர்ரின்னு.