உதவி: வரித் தரவோடு இணைத்த பிறகு வசதியான வீடுகளிலும் உணவுப் பாதுகாப்பின்மை?

குறிஞ்சி:
அவசரம் நண்பர்களே. கனடா சர்வேயை வரித் தரவோடு இணைத்துவிட்டேன். நல்ல வருமானம் உள்ள வீடுகள் பலவும் 'கடுமையான உணவுப் பாதுகாப்பின்மை' (பணமில்லாமல் போதிய உணவு கிடைக்காத நிலை) பிரிவில் வந்து நிற்கின்றன. இணைப்பிலேயே கோளாறா?

தரவுத்தச்சன்:
எந்த சர்வே? எந்த வரி ஆண்டு? நேர்காணல் எந்த மாதம்?

ஆலமரம்:
வருமானம் என்று எதை எடுத்தீர்கள், அதையாவது சொல்லியிருக்கலாம். பயனர் கையேட்டைப் படித்துவிட்டுக் கேட்கும் வழக்கமே இப்போது போய்விட்டது.

குறிஞ்சி:
சமூக சுகாதார சர்வே 2017-18. வரி ஆண்டு 2018. வருமானவரி டி1 படிவத்தின் 150ஆம் வரிசை, அதாவது மொத்த வருமானம். தரவு ஆய்வு மையக் கணினியில் இருக்கிறது, அட்டவணையை இங்கே போட முடியாது.

தரவுத்தச்சன்:
அப்படியென்றால் காலம்தான் சிக்கல். சர்வேயில் உணவுப் பாதுகாப்பைக் கேட்கும் 18 கேள்விகளும் கடந்த 12 மாதத்தைப் பற்றியவை. 2018 மார்ச் தொடக்கத்தில் பேசியவர் சொன்னதில் பத்து மாதம் 2017ஐச் சேர்ந்தது. அவருக்கு ஏப்ரலில் வேலை கிடைத்திருந்தால் 2018 வரிக்கோப்பில் வசதியானவராகத் தெரிவார். 2017ஐயும் எடுங்கள், மாதக் கணக்கில் இரண்டையும் கலந்து பாருங்கள்.

முல்லை:
காலம் ஒரு பகுதிதான். 150ஆம் வரிசை ஒரு தனிநபருடையது, கேள்விகளோ வீட்டைப் பற்றியவை. அந்தச் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடலாமே? எல்லோர் வருமானத்தையும் கூட்டி, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். அப்புறம், குழந்தை நலத்தொகைக்கு வரி இல்லை, அதனால் 150இல் வராது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் எடுத்த பணம் வரும். வேலை போய், இருந்த சேமிப்பை உடைத்தவர் அந்த வருடம் பணக்காரராகத் தெரிவார். நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.

ஆலமரம்:
பிரிவுகளைச் சரியாகக் குறித்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. 'கடுமையான' என்றால் பெரியவர் கேள்விகளில் குறைந்தது 6 'ஆம்' அல்லது குழந்தைகள் கேள்விகளில் குறைந்தது 5. ஒரே ஒரு 'ஆம்' சொன்ன வீடுகளையும் இப்போது 'விளிம்புநிலை' என்று சேர்க்கிறார்கள், எனக்கு அது வெறும் இரைச்சல்.

முல்லை:
இரைச்சல் இல்லை ஐயா. வாங்கிய உணவு தீர்ந்துவிடுமோ, அடுத்து வாங்கப் பணம் இருக்காதோ என்று பயந்த வீட்டை 'பாதுகாப்பானது' என்று எப்படி எழுதுவது? டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உணவுப் பாதுகாப்பின்மையை ஆராயும் ப்ரூஃப் குழு அவர்களையும் எண்ணுகிறது.

ஆலமரம்:
கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் பழைய வகைப்பாட்டில் ஒரு 'ஆம்' பாதுகாப்பான பக்கம்தான். பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டாமா?

முல்லை:
ஒப்பிடுங்கள், இரண்டு விதமாகவும் எண்ணிக் காட்டுங்கள். அதற்காக அந்த வீடுகளை மறைக்காதீர்கள்.

வேம்பு:
இந்த விவாதத்துக்கு நடுவே ஒன்று: மாகாணங்களில் ரிசர்வ் பகுதிகளில் (முதற்குடியினருக்கென ஒதுக்கிய நிலங்களில்) வாழும் முதற்குடி மக்கள் இந்த சர்வேயில் இல்லை. முடிவை எழுதும்போது அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

குறிஞ்சி:
2017ஐச் சேர்த்து, வீட்டு வருமானமாகக் கூட்டி வகுத்ததில் அந்த வீடுகளில் பெரும்பகுதி குறைந்த வருமானத்துக்கு இறங்கிவிட்டது. பிரிவுக் குறியீடு சரியாகவே இருக்கிறது. மீதியில் 129ஆம் வரிசையை, அதாவது ஆர்.ஆர்.எஸ்.பி.யில் எடுத்த பணத்தை, கழித்துப் பார்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.

தரவுத்தச்சன்:
மாதக் கலவை மட்டும் எவ்வளவு குறைத்தது?

முல்லை:
சுயதொழில் வருமானத்தையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள், குறிஞ்சி. செலவு கழித்த தொகைதான் 150இல் இருக்கும்.