கல் பாவிய சதுக்கத்தில் பகலில் ஒருவரும் உட்காருவதில்லை. முதலில் எதைச் செய்வது?

முற்றத்துவாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியின் நடுவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு பழைய தரையைப் பெயர்த்துவிட்டு முழுக்கக் கருங்கல் பாவினார்கள், நடுவில் ஒரு நீரூற்று வைத்தார்கள், ஓரங்களில் எஃகு பெஞ்ச் போட்டார்கள். படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் யாரும் அங்கே நிற்பதில்லை, சுவர் நிழலை ஒட்டியபடி வேகமாகக் கடந்து போகிறார்கள். முன்பெல்லாம் பேரப்பிள்ளைகளோடு வந்து மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த பெரியவர்களைக் காணவே முடிவதில்லை, எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. வருடத்துக்கு வருடம் வெக்கையும் கூடிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்குப் பெருமழை வந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது.

பகுதி மக்கள் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன: தரைக்கு வெள்ளைப் பூச்சு, பனிபோல் நீர் தூவும் குழாய்கள், மரங்கள். எல்லாவற்றுக்கும் பணம் கிடையாது. எதை முதலில் கேட்கலாம்?

வெக்கைமானி

நிழலைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வெயிலில் நிற்பவரைச் சுற்றியுள்ள காற்றும் பத்தடி தள்ளி நிழலில் நிற்பவரைச் சுற்றியுள்ள காற்றும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். உடம்பு உணரும் வித்தியாசம் முழுக்கக் கதிர்வீச்சால் வருவது. சூரியனிலிருந்து நேராக வருவது ஒரு பங்கு, காய்ந்து கிடக்கும் கல்லும் சுவரும் திருப்பி வீசும் அனல் இன்னொரு பங்கு. நிழல் விழுந்தால் இரண்டும் சேர்ந்து குறையும், ஏனென்றால் அந்தத் தரையும் காயாது.

வெள்ளைப் பூச்சு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மொட்டைமாடிக்கு அது நல்ல வேலை செய்யும், அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. சதுக்கத்தில் பூசினால் தரை குளிரும், உண்மைதான், ஆனால் தரையில் படும் வெயில் எகிறி நிற்பவர் மேலேயே விழும், கண்ணும் கூசும். நீர் தூவும் குழாய் வறண்ட காற்றில் நன்றாகக் குளிர்விக்கும். ஈரப்பதம் நிறைந்த இடத்தில் துளி ஆவியாகாது, உடை நனைவதுதான் மிச்சம்.

கூட்டத்தில் காட்ட ஆதாரம் வேண்டுமென்றால் ஒரு டேபிள் டென்னிஸ் பந்துக்குச் சாம்பல் நிறம் பூசி, உள்ளே சிறிய வெப்பமானியின் முனையைச் செருகி, வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாகத் தொங்கவிடுங்கள். ஆய்வாளர்களும் இதே மாதிரியான பந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பேச்சே தேவைப்படாது.

வேர்மண்

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அது பெரிதாகச் சூடாகாது, துணியோ தகரமோ சூடாகி அனலைக் கீழே இறக்கும்.

ஆனால் தயவுசெய்து கல்லுக்கு நடுவில் மூன்றடிக் குழி தோண்டி நட்டுவிட்டுப் போக விடாதீர்கள். அப்படி நட்ட மரங்கள் வளரவும் முடியாமல் சாகவும் முடியாமல் நிற்பதை எத்தனை இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். பெரிய நிழல் தரும் மரத்துக்கு வேர் ஓடப் பல கன மீட்டர் மண் வேண்டும். ஸ்டாக்ஹோமில் நடைபாதைக்கு அடியில் பெரிய சல்லிக் கற்களைப் பரப்பி, இடுக்குகளில் மண்ணும் கரித்தூளும் நிரப்பி, மழைநீரை அதற்குள் இறக்குகிறார்கள். மேலே வண்டி போனாலும் மண் இறுகாது, வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்கும்.

உங்கள் வெள்ளப் பிரச்சினையும் இதில்தான் சேர்ந்து வருகிறது. கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று கொட்டிய மழையில் நகரமே முடங்கியது, அதன் பிறகு அங்கே சதுக்கங்களையும் பூங்காக்களையும் மழைநீரைத் தாங்கும் இடங்களாக மாற்றத் தொடங்கினார்கள். ராட்டர்டாமின் பெந்தம்பிளைன் சதுக்கம் 2013-ல் திறக்கப்பட்டது. காய்ந்த நாளில் பிள்ளைகள் விளையாடும் பள்ளம், மழை நாளில் தண்ணீர் நிற்கும் தொட்டி. அந்த அளவுக்கு உங்களால் முடியாமல் போகலாம், ஆனால் கல்லைப் பெயர்க்கும் இடத்தில் எல்லாம் மழைநீர் உள்ளே போகும்படி சரிவை வைத்தாலே பெரிய உதவி.

ஒன்று மட்டும்: சதுக்கம் முழுவதையும் இலையால் மூடிவிடாதீர்கள். பகலில் கல் வாங்கிய சூடு இரவில் திறந்த வானத்தை நோக்கித்தான் வெளியேறும். நடுவில் கொஞ்சம் திறப்பு இருக்கட்டும்.

திண்ணைக்காரி

உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! எஃகு பெஞ்ச் வெயிலில் தொட முடியாது, குளிரிலும் அப்படித்தான். மரப்பலகை போட்டு, முதுகுக்குச் சாய்மானமும் எழுந்திருக்கக் கைப்பிடியும் வையுங்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தக் கைப்பிடிதான் உயிர்.

1970களில் நியூயார்க் சதுக்கங்களைக் கேமரா வைத்துக் கவனித்த வில்லியம் எச். வைட், உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்றார். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அந்த வேலையை வைத்துத்தான் 1975-ல் அங்கே இத்தனை சதுர அடிக்கு இத்தனை அடி இருக்கை என்று விதியே கொண்டுவந்தார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் பற்றியும் அவர் நிறையச் சொன்னார். வெப்ப நாளில் அதற்கு மதிப்பு இன்னும் கூடுதல், நிழல் நகர நகர நாற்காலியும் கூடவே போகுமே.

அப்புறம் குடிநீர்க் குழாயும் சுத்தமான கழிப்பறையும். இவை இரண்டும் இல்லாத இடத்துக்கு முதியவர்களும் கர்ப்பிணிகளும் வர மாட்டார்கள், வந்தாலும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள்.

முற்றத்துவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி, வெள்ளைப் பூச்சைத்தான் கேட்பதாக இருந்தேன். மரம் வளரப் பல வருடம் ஆகும், அதுவரைக்கும் துணிப் பந்தல் கட்டிப் பார்க்கலாமா? நாற்காலிகளும் ஏற்பாடு செய்ய முடியும்.

வெக்கைமானி

தாராளமாக. கட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு முறை நிழல் எங்கே விழுகிறது, மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சுண்ணக்கட்டியால் தரையில் குறியுங்கள். சூரியன் 45 பாகையில் சாய்ந்திருக்கும்போது நான்கு மீட்டர் உயரத்தில் கட்டிய துணியின் நிழல் நான்கு மீட்டர் தள்ளித்தான் விழும், அதனால் மாலையில் பந்தலுக்கு நேர் கீழே இருப்பவர் வெயிலில்தான் இருப்பார். மேற்குப் பக்கத்தில் செங்குத்தாகவும் ஒரு தட்டி வேண்டியிருக்கும். காற்றுக்கு வழிவிடும் நெசவாகப் பார்த்து எடுங்கள், கம்பத்தைக் கல்லின் மேல் சும்மா நிறுத்தாமல் ஆழமாக ஊன்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் துணியைக் கழற்ற யார் வருவார் என்பதையும் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.