ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப வரும் தொற்று: எந்த மாடல் சரி?

வணக்கம். மருத்துவப் புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று ஆராயும் சர்வைவல் தொகுப்போடு வரும் சிஜிடி (நாட்பட்ட கிரானுலோமா நோய்) தரவை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். வெள்ளணுக்களால் கிருமிகளைச் சரியாகக் கொல்ல முடியாத பரம்பரை நோய் அது. காமா இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்த சோதனை. 128 நோயாளிகள், தரவில் 203 வரிசைகள் (தொற்று வந்தவருக்கு ஒன்றுக்கு மேலும் இருக்கும்). 44 பேருக்குத்தான் தொற்று வந்தது, ஆனால் மொத்தம் 76 தடவை. ஒருவருக்கு மட்டும் ஏழு முறை, பாவம். முதல் தொற்றோடு நிறுத்தினால் சாதாரண காக்ஸ் மாடலே (தொற்று வரும் வரையிலான காலத்தை வைத்து ஆபத்தை ஒப்பிடுவது) போதும். ஆனால் மீதி 32 தொற்றுகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

எல்லாத் தொற்றையும் ஒரே மாதிரி எண்ணும் ஆண்டர்சன்-கில் முறையில் ரோபஸ்ட் பிழை (ஒரே ஆளின் தொற்றுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதைக் கணக்கில் எடுக்கும் திட்டப்பிழை) போட்டு ஓட்டிவிட்டேன். சரி, ஆனால் இதற்கு முன் எத்தனை முறை தொற்று வந்தது என்பதை அது தானாகக் கண்டுகொள்வதில்லை. பிரெண்டிஸ்-வில்லியம்ஸ்-பீட்டர்சன் முறையில் முதல் தொற்று, இரண்டாவது தொற்று என்று அடுக்கு பிரித்தேன். மேலே போகப் போக அடுக்கில் ஆளே இல்லை.

கடைசி அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாமா? எத்தனையாவதிலிருந்து? அப்புறம், அந்த ஏழு முறை ஆளைப் போன்றவர்களுக்காக ஃப்ரெயில்டி (ஆளுக்கு ஆள் மாறும், அளக்கப்படாத தொற்று வாய்ப்பு) சேர்த்தால் ரோபஸ்ட் பிழையும் கூடவே வேண்டுமா, இரண்டில் ஒன்று போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.